நான் பேசவைத்த நாலு பேர்

இந்தக் காற்றாடியை நிற்பாட்டிவிட்டால் நல்லது, டொக்டர் பிள்ளை. சத்தத்துக்கு மேலால் கத்திக் கதைத்து எனக்குப் பழக்கமில்லை. வேர்த்தால் துடைத்துக்கொள்ளலாம்.

மகனுக்கு மருந்தைத் தீர்மானிக்க முதல் எல்லாம் அறியவேண்டும் என்கிறீர்கள். அது சரிதான். நானும் ஒளிக்க வரவில்லை. ஒளிக்கிற மாதிரி ஒன்றும் செய்யவுமில்லை. ஒரு தாய் செய்கிறதைத்தான் செய்தனான். கொஞ்சம் கூடச் செய்துபோட்டேன், அவ்வளவுதான்.

என் பெயர் சிவக்கொழுந்து. ஊர் சரவணை, யாழ்ப்பாணத்துத் தீவுப் பக்கம். சண்டை நின்ற சமாதான காலத்தில் சந்தியடியில் ஒரு கொமினிக்கேசன், போன் கதைக்கிற கடை, இருந்தது, உங்களுக்குத் தெரிந்திருக்காது, நீங்கள் அப்போது சின்னப்பிள்ளை. அதை வைத்திருந்தது நான். கைப்போன் பரவாத நேரம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் எடுப்பார்கள், தாய் தகப்பன் என் கடைக்கு வந்து பலகைத் தடுப்புக்குள் நின்று கதைப்பார்கள். தடுப்பு மெல்லிசு. இந்தப் பக்கம் சொல்வதெல்லாம் எனக்குக் கேட்கும். அந்தப் பக்கம் கேட்காது.

"ஓம் ராசா. சாப்பிட்டனான். இல்லையடா, அது சும்மா இருமல். ஏன் அழுறாய், அழாதை."

அந்தப் பக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று நான் என் பாட்டில் நிரப்பிக்கொண்டிருப்பேன். போகப் போக எனக்கு ஆளைப் பார்க்கத் தேவையில்லாமல் போய்விட்டது. இந்தப் பக்கம் ஒரு வசனம் விழுந்தால் மற்றப் பக்கத்து வசனம் தானாக வரும். அந்தப் பிள்ளைக்கு என்ன வயது, தாயிடம் எதை மறைக்கிறான் எல்லாம் வரும். ஒருநாள் ஒரு மனிசி கதைத்துவிட்டு வெளியே வர, நான் யோசிக்காமல், "மகனுக்கு வேலை போயிட்டுதோ அக்கா?" என்று கேட்டுவிட்டேன்.

"உமக்கு ஆர் சொன்னது? எனக்கே அவன் சொல்லேல்லை. குரலிலதான் பிடிச்சனான்," என்றாள்.

இப்படி ஒரு காது எனக்கு. இது குற்றமில்லையே.

என் மனிசன் தில்லைநாதன் குருநாகலில் கடை வைத்திருந்தவர். கடையிலேயே இருதயம் நின்றுபோனது. மூத்தவள் சிவரூபி கனடாவில். மற்றவன் சதீசன் சுவிசில். போகும்போது இரண்டு பேரும் ஒரே வசனத்தைத்தான் சொன்னார்கள். "ஒரு வருசம்தான் அம்மா, ஓடிவந்திடுவன்." கடைக்குட்டி வாகீசன், நீங்கள் கட்டிலில் வைத்திருக்கிறவன், கொழும்பில் கம்பியூட்டர்க் கந்தோரில் வேலையாக இருந்தான். கொரோனாவுக்கு வீட்டை வந்தான். பிறகு போகவில்லை. வந்தது கொரோனாவுக்காக என்றாலும் நின்றது எனக்காகத்தான்.

நின்று என்ன செய்தான் என்று கேட்டீர்கள். கேட்டால் பதில் சொல்கிற, கடிதம் எழுதித் தருகிற கம்பியூட்டர்ப் புத்தி இப்போது எல்லா இடமும் இருக்கிறதுதானே. அதைப் பிடித்துத் தனக்குத் தேவையான ஒரு வேலையாள் மாதிரிச் செய்வதற்கு இங்கிலீசும் வேண்டும், கம்பியூட்டர்ப் பாசையும் வேண்டும். இரண்டும் தெரியாத ஆளும் செய்யக்கூடியதாக இவன் ஒன்றை உண்டாக்கினான். அந்தப் பாசைகளில் எழுதத் தேவையில்லை. திரையில் பெட்டிகள் கிடக்கும். இழுத்து வைத்துக் கோடு போட்டுத் தொடுக்கவேண்டியதுதான். பெயர் கோர்வை.

"இஞ்ச வாங்கோ அம்மா. இது 'கேள்' எண்ட பெட்டி. இது 'யோசி'. இது 'எழுது'. மூண்டையும் தொடுங்கோ."

"தொட்டால்?"

"இது சொல்லுறதை அது கேட்கும்."

"அப்ப இது கொமினிக்கேசன்."

சிரித்தான். "ஓம். கொமினிக்கேசன்தான். அந்தப் பக்கம் ஆள் இல்லை, அவ்வளவுதான்."

இதை வித்தால் என்ன என்று சதீசன் போனில் கேட்டபோது, மாட்டேன் என்றான். "இது எங்கட ஊர் நல்லதண்ணிக் கிணறு மாதிரி அண்ணை. ஆரும் அள்ளலாம். ஆரும் இறங்கித் துப்புரவாக்கலாம். பூட்டுப் போட்டால் அது கிணறில்லை." உப்புத் தண்ணி குடித்து வளர்ந்த பிள்ளைக்குத்தான் அப்படிச் சொல்ல வரும். உள்ளே எப்படிச் செய்திருக்கிறது என்பதையும் திறந்துதான் வைத்தான், விருப்பமானவர்கள் திருத்தட்டும் என்று.

பரீட்சித்துப் பார்க்க என்னைத்தான் இருத்துவான். அம்மாவுக்கு விளங்கினால் உலகத்துக்கு விளங்கும் என்பான். நான் முதல் செய்தது மருந்துக் குளிசை போட ஞாபகப்படுத்துகிற ஒன்று. அது என்னைக் கேட்கும்:

"குளிசை போட்டனீரோ?"

"இல்லை."

"பின்ன ஆர் வந்து ஊட்டிவிடோணும் எண்டு பார்த்துக்கொண்டு இருக்கிறீர்?"

வாகீசன் வாசித்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, இது அப்பாவெல்லோ."

"இல்லையடா. கொப்பர் இதைவிடக் கோவக்காரன்."

கோர்வையை உலகத்துக்குத் திறந்துவிட்ட பிறகுதான் கஷ்டம் தொடங்கினது. ஒருவரும் வரவில்லை. பாவிக்கிறவர்கள் வந்து கதைக்க, பிழை சொல்ல என்று ஒரு பக்கம் வைத்திருந்தான். விடிந்தால் அதைத் திறந்து பார்ப்பான். வெறுமையாகக் கிடக்கும். மாசக்கணக்காக அப்படி. குளிக்காமல் விட்டான். சவரம் இல்லை. சாப்பாட்டைக் கிண்டிவிட்டு எழும்புவான். "ஒருத்தரும் அள்ளாத கிணத்துக்கு ஏன் காவல் இருக்கிறான்? இஞ்ச அனுப்புங்கோ அம்மா, உணவகத்தில வேலை எடுத்துத் தாறன்," என்று சதீசன் சொன்னது அவனுக்கும் கேட்டது.

ஒரு மத்தியானம் அல்லைப்பிட்டிப் பக்கத்து ஆள் ஒருவர் மோட்டச்சைக்கிளில் அவனை ஏற்றிக்கொண்டு வந்து வாசல் படலையடியில் இறக்கினார்.

"அம்மா, தம்பி பண்ணைப் பாலத்தில தண்ணியைப் பார்த்துக்கொண்டு நிண்டவர். போகேக்கையும் நிண்டார், திரும்பி வரேக்கையும் அப்பிடியே நிக்கிறார். கூப்பிட்டனான், கேட்கேல்லை."

செம்பில் தண்ணி குடுத்துவிட்டுக் கேட்டேன், ஏன் அங்கே நின்றாய் என்று.

"சும்மா நிண்டனான்."

'சும்மா' என்ற சொல்லைத் தடுப்புக்குள்ளிருந்து நான் எவ்வளவு கேட்டிருப்பேன். அது எப்போதும் சும்மா வருகிறதில்லை, பிள்ளை. நான் அவனுடைய வேர்த்த தலையைத் துடைத்தேன். அப்போதுதான் சொன்னான்:

"உலகத்தில ஒரே ஒரு ஆளுக்கெண்டாலும் உதவினால் எனக்குக் காணும் அம்மா."

நீங்களே சொல்லுங்கோ. பிள்ளை கேட்கிறது ஒரே ஒரு ஆள். அதை என்னால் குடுக்க ஏலுமாயிருந்தது.

அவன் எனக்குத் தந்த பழைய கம்பியூட்டர் கொமினிக்கேசன் அறையில் கிடந்தது. அதில் கோர்வையைத் திறந்து ஒரு ஆளைச் செய்தேன். பெயர் கத்தரீனா. ஜேர்மனியில் வயோதிபர் மடத்தில் வேலை செய்கிற தமிழ் மனிசி. அங்கே ஒரு தமிழ்க் கிழவர், ஜேர்மன் பாசை மறந்துபோனவர், கேட்கிறதை மற்றத் தாதிமாருக்கு விளங்கப்படுத்த இந்தக் கோர்வையில் ஒன்று செய்ததாக அவள் எழுதினாள். 'அவர் நேற்று முதல்தரம் வாய்விட்டுக் கேட்டார், தலையணையை மாற்றச் சொல்லி. நன்றி தம்பி.'

நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். குசினிக்கு ஓடிவந்தான்.

"அம்மா, ஒரு ஆள் பாவிச்சிருக்கிறா."

"ஆர்?"

"கத்தரீனா எண்டு. ஜேர்மனியில."

"நல்ல மனிசி போல."

"ஓம் அம்மா. எழுத்திலேயே தெரியுது."

அன்றைக்கு இரண்டாம் தரமும் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அதற்குப் பிறகு எந்தத் தாய் நிற்பாட்டுவாள்.

ஆனால் ஒரு ஆள் தனிய நின்றால் சந்தேகம் வரும். கதைக்க இன்னொரு ஆள் வேண்டும். அப்படித்தான் இளையதம்பி வந்தார். ஒஸ்லோவில் ஓய்வுபெற்ற படவரைஞர், பிழை பிடிக்கிறவர், பிடிக்க முதல் மன்னிப்புக் கேட்கிறவர். பிறகு சிட்னி லியோன், பகிடிக்காரன். கடைசியாகக் கமலாதேவி, மட்டக்களப்புப் பக்கத்துப் பள்ளிக்கூட ரீச்சர். ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டிக்குள் குணத்தை எழுதிவைத்தேன். வாகீசனின் பக்கத்தைப் பார்த்திருக்க ஒரு பெட்டி. ஆர் முதலில் வாய் திறப்பது என்று யோசிக்க ஒரு பெட்டி. கோடு போட்டு விட்டால் அவர்கள் தங்கள் பாட்டில் கதைப்பார்கள். நான் அங்கங்கே ஒரு சொல் திருத்துவேன், அவ்வளவுதான்.

"ஐயா, உங்கட கண்ணாடியைத் துடைச்சிட்டுப் பாருங்கோ. பிழை கோர்வையில இல்லை," என்று லியோன் எழுதுவான்.

"தம்பி, உம்மட வயசில நானும் இப்பிடித்தான் வாய்காட்டினனான். பிறகுதான் கண்ணாடி போட்டது," என்று இளையதம்பி எழுதுவார்.

வாகீசன் சத்தமாக வாசித்துச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். உண்மையாகத்தான் சிரித்தேன், எனக்கும் அடுத்தது என்ன வரும் என்று தெரியாது. வீட்டில் ஆறு பேர் இருந்த மாதிரி இருந்தது. அவன் அவர்களுக்காக ஓடி ஓடித் திருத்தினான். கோர்வை நல்லாக வந்தது. அதை எவரும் இல்லையென்று சொல்ல ஏலாது.

சத்தம் கேட்கிற வீட்டுக்குத்தான் ஆட்கள் எட்டிப் பார்ப்பார்கள். உண்மையான ஆட்களும் ஒன்றிரண்டு பேர் வந்தார்கள். அதில் ஒருத்திதான் நிலாந்தினி. புளியங்கூடல் பிள்ளை. எங்கள் வீட்டிலிருந்து சைக்கிளில் போகிற தூரம். யாழ்ப்பாணம் ரவுணில் கம்பியூட்டர் வேலை. 'இவ்வளவு அன்பாகக் கதைக்கிற இடத்தை நான் வேறெங்கையும் காணேல்லை, அதுதான் வந்தனான்' என்று எழுதினாள். ஆக, அவளைக் கூப்பிட்டு வந்ததும் நான்தான்.

கெட்டிக்காரி. வாகீசன் கட்டினதில் பாதியை அவள் செம்மையாக்கினாள். பிறகு போனில் கதைக்கத் தொடங்கினார்கள். அவனுடைய பக்கம் எனக்குக் கேட்கும்.

"இல்லையில்லை, நீர் சொன்னதுதான் சரி. ஓம். நயினாதீவுத் திருவிழாவுக்கோ? வரலாம். முதல் இந்த வேலை முடியட்டும், பிறகு காணுவம். வெக்கமோ? எனக்கென்ன வெக்கம்."

வெட்கம்தான். அப்படியே தள்ளிப் போட்டுக்கொண்டு போனான். ஒருதரம்கூட நேரில் காணவில்லை. அதை மறக்காதீர்கள்.

அப்போதுதான் ஜேர்மனியிலிருந்து ஒரு அழைப்பு வந்தது, உண்மையான அழைப்பு. இப்படித் திறந்த வேலைகளுக்கு உதவுகிற ஒரு அமைப்பு, வாகீசனையும் நிலாந்தினியையும் வந்து இருந்து கோர்வையை வளர்க்கச் சொல்லிக் கேட்டது. சவரம் எடுத்து, வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு வந்து எனக்கு முன்னால் நின்றான்.

"ஒரு வருசம்தான் அம்மா."

டொக்டர் பிள்ளை, அந்த வசனம் எனக்குப் பழசு. அதற்குப் பிறகு என்ன வரும் என்று எனக்குத் தெரியும். கிழமைக்கு ஒரு போன், பிறகு மாசத்துக்கு ஒன்று, பிறகு செத்தவீட்டுக்கு வர விசா கிடைக்கவில்லை என்று ஒரு அழுகை. அந்தத் தடுப்புக்குள் இனி நான் நிற்கவேண்டும். என்ன செய்தாவது இவனை வைத்திருக்கவேண்டும் என்று நினைத்தேன். அந்த அறைக்குள் போய் இருந்து நாலு பேரையும் பேச விட்டேன்.

கத்தரீனா அழுதாள். 'நீர் அங்கை போனால் இது வேற ஆக்களின்ர கைக்குப் போயிடும் தம்பி. எங்கட கிழவரை ஆர் பார்ப்பினம்?' கமலாதேவி கோபித்தாள். லியோன் பகிடி விடுகிறதை நிற்பாட்டினான். அதுதான் எல்லாவற்றையும்விட நொந்தது அவனுக்கு. அதுவும் காணாதென்று, நிலாந்தினி எழுதிச் சேர்த்த பகுதி பாவிக்கிறவர்கள் கதைக்கிறதைக் களவாக வேறிடத்துக்கு அனுப்புகிறது என்று இளையதம்பியைச் சொல்லவைத்தேன்.

வாகீசன் பகல் முழுக்க இருந்து தேடினான். ஒன்றும் இல்லை. இருக்காதுதானே.

"ஒண்டும் காணேல்லை அம்மா. ஆனால் ஐயா பொய் சொல்லமாட்டார். அவருக்கு என்ன தேவை?"

"வயசுபோன மனிசன். கண்டதைத்தான் சொல்லுவார்," என்றேன்.

அவன் நிலாந்தினியைக் கேட்டான். அவள் அழுதிருக்கவேண்டும், இந்தப் பக்கம் நிறைய மௌனமாக இருந்தது. ஆனால் அவள் அழுதுவிட்டு இருக்கிற பிள்ளை இல்லை. இந்த நாலு பேரும் ஆர் என்று தோண்டத் தொடங்கினாள்.

இந்த இடத்தில் என் பிழை ஒன்றைச் சொல்லவேண்டும். நான் செய்த ஒரே பிழை இதுதான்.

அழைப்பு வருவதற்கு முதல், என் மனிசனின் தமையன் ஏரம்பு அத்தார் காலமாகிப் போனார். எங்களுக்குத் துடக்கு, செத்தவீட்டுத் தீட்டு. வாகீசன் கிரியைகளோடு நின்றான், கம்பியூட்டர்ப் பக்கம் தலைவைக்கவில்லை. நான் நாலு பேரையும் நிற்பாட்டினேன். துடக்கு வீட்டிலிருந்து ஒருவருக்கு நல்ல வார்த்தை அனுப்பக்கூடாது. யந்திரம் என்றாலும் அது என் வாய்தானே. வாகீசனுக்கு நன்மைதான் சொல்கிறார்கள், அதில் துடக்குப் படக்கூடாது என்று நினைத்தேன். முப்பத்தொராம் நாள் அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து, தலைமுழுகிவிட்டுத்தான் திரும்பப் போட்டேன்.

நிலாந்தினி அதைக் கண்டுபிடித்தாள். ஆர் ஆர் எந்தெந்த நாள் எழுதினார்கள் என்று கோடு கோடாக ஒரு படம் கீறி வாகீசனுக்கு அனுப்பினாள். நாலு பேரின் கோட்டிலும் ஒரே இடத்தில் ஓட்டை. கொழும்புப் பிள்ளை என்றால் அதைப் பார்த்து ஒன்றும் விளங்கியிருக்காது. இவள் புளியங்கூடல். 'இது உங்கட பெரியப்பாவின்ர துடக்கு நாள். ஒஸ்லோவில இருக்கிற மனிசனுக்கு உங்கட வீட்டுத் துடக்கு ஏன்? இது உங்கட வீட்டுக்குள்ள இருந்துதான் வருது' என்று எழுதியிருந்தாள்.

கம்பியூட்டரைத் தூக்கிக்கொண்டு குசினிக்கு வந்தான்.

"அம்மா, இவை ஆர்?"

என்னைச் சந்தேகப்பட்டுக் கேட்கவில்லை. சின்ன வயதில் இருட்டில் எதையாவது கண்டால் கேட்கிற மாதிரிக் கேட்டான். அந்த இடத்தில் நான் சொல்லியிருக்கலாம். வாயும் திறந்தேன். பிறகு அந்தப் படத்தைப் பார்த்தேன். அதில் ஐந்து கோடு இருந்தது.

"இந்த அஞ்சாவது கோடு ஆரின்ர?"

"நிலாந்தினியின்ர."

நேர்மையான பிள்ளை, தன்னுடையதையும் சேர்த்துத்தான் கீறியிருந்தாள்.

"அதிலயும் ஓட்டை கிடக்குது மகன்."

ஏன் என்று எனக்கு வடிவாகத் தெரியும். செத்தவீடு நடந்த வீட்டுக்காரனை வேலைக் கதை கதைத்து அலுப்புக் குடுக்கக்கூடாது என்று அவள் அந்தியேட்டி மட்டும் பொறுத்திருந்தவள். இந்தத் தீவில் வளர்ந்த எந்தப் பிள்ளையும் அப்படித்தான் செய்யும். நான் செய்ததற்கும் அவள் செய்ததற்கும் காரணம் ஒன்றுதான். அவன் அந்தக் கோட்டில் விரலை வைத்துப் பார்த்தான்.

"ஓம்," என்றான்.

"நீ அவளைக் கண்டனியோ?"

"கதைச்சிருக்கிறன்."

"குரலும் செய்யலாம் எண்டு நீதானே சொன்னனி."

அவ்வளவுதான் நான் சொன்னது. குரலைக்கூட உயர்த்தவில்லை.

நிலாந்தினி போன் எடுத்தாள். காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு வைத்தான். "வடிவாச் செய்திருக்கினம் அம்மா," என்றான். "அழுற மாதிரியும் செய்திருக்கினம்." ஜேர்மனிக்கு வரவில்லை என்று எழுதிப்போட்டான். கோர்வையின் பக்கத்தை மூடினான். எந்தக் கை அதைச் செய்ததோ தெரியாது, எல்லாரும் சேர்ந்து தன்னை வைத்து விளையாடியிருக்கிறார்கள் என்று நினைத்தான். நானும் அறைக்குள் போய் நாலு பேரையும் அழித்தேன். அவர்களை நினைத்து எனக்கும் கவலைதான்.

இரண்டு நாள் கழித்து நிலாந்தினி படலையடியில் வந்து நின்றாள். ஸ்கூட்டி, கையில் ஹெல்மெட், முகமெல்லாம் வேர்வை.

"அன்ரி, நான் நிலாந்தினி. வாகீசன் நிக்கிறாரோ?"

"கொழும்புக்குப் போட்டான் பிள்ளை."

"அவரின்ர சைக்கிள் நிக்குது."

"கொழும்புக்குச் சைக்கிளிலயே போறது?"

சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "அன்ரி, என்னை ஆரோ செய்த பொம்மை எண்டு நினைக்கிறார். ஒருக்காக் கண்டால் காணும். தொட்டுப் பார்க்கட்டும்." படலைக்கு மேலால் கையை நீட்டினாள். நான் பிடித்துப் பார்த்தேன். சூடாக இருந்தது. மணிக்கட்டில் நாடி அடித்தது.

"வெய்யிலுக்குள்ள நிக்காமல் வீட்டை போம் பிள்ளை," என்றேன்.

உள்ளே வர, "ஆர் அம்மா வந்தது?" என்று கேட்டான்.

"மீன்காரர்."

"மீன்காரர் உண்மையான ஆளோ?"

பகிடி என்று நினைத்தேன். பகிடி இல்லை. அதற்குப் பிறகு எல்லாவற்றுக்கும் கேட்டான். கரண்ட் மீற்றர் பார்க்க வந்தவரைக் கேட்டான். பக்கத்து வீட்டுக் கஜாலினி கீரை கொண்டுவந்து தந்தால், அவள் முகத்துக்கு முன்னாலேயே என்னைப் பார்த்துக் கேட்பான். நான் ஓம் என்றால்தான் அவளோடு கதைப்பான். சதீசன் சுவிசிலிருந்து வீடியோவில் வந்து, "டேய், நான்டா, அண்ணை," என்று கூப்பிட்டபோது, "அம்மா, இது அண்ணையோ, செய்ததோ?" என்று கேட்டான்.

"எனக்குத் தெரியேல்லை ராசா," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று பார்க்கிறீர்கள். சதீசன் அன்றைக்கு வாகீசனைச் சுவிசுக்குக் கூப்பிடத்தான் எடுத்தவன். திரையில் அவன் அழுதது எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு சோறும் தண்ணியும். நான் குடுத்து, இது உண்மையான சோறு மகன் என்று சொன்னால்தான் வாய் திறப்பான். முதலில் எனக்கு அது பாரமாக இல்லை. சின்ன வயதிலும் அவன் என் கையால்தான் சாப்பிட்டவன். ஒருநாள் நயினாதீவுக்குக் கோயிலுக்குப் போன இடத்தில் கடல் கொந்தளித்து வள்ளம் விடவில்லை. அடுத்த நாள் வரைக்கும் நான் அங்கேயே நிற்கவேண்டி வந்தது. கஜாலினி போய்ப் பார்த்தபோது, தண்ணிச் செம்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மயங்கிக் கிடந்திருக்கிறான். சொல்ல ஆள் இல்லை, குடிக்கவில்லை. அவள்தான் அம்புலன்சுக்குப் போன் அடித்தது. அப்படித்தான் உங்களிடம் வந்தோம்.

நீங்கள் சொல்கிறீர்கள், எல்லாம் நான் செய்தது என்று நானே அவனுக்குச் சொல்லவேண்டுமாம், அதுதான் முதல் மருந்தாம். யோசித்துப் பாருங்கோ. இப்போது அவனுக்கு உலகத்தில் மிச்சமிருக்கிற உண்மை நான் ஒருத்திதான். அதையும் பொய் என்று சொன்னால் பிள்ளை எதைப் பிடித்துக்கொண்டு இருப்பான். அந்தப் பாவத்தை நான் செய்யமாட்டேன்.

இன்றைக்குக் காலமை நடந்ததையும் கேட்டீர்கள். நிலாந்தினியை உள்ளே விட்டது நீங்கள். நேரில் கண்டால் தெளிவான் என்று நினைத்தீர்கள். உங்கள் நினைப்புப் பிழையில்லை. அவள் கட்டில் காலடியில் வந்து நின்று, "வாகீசன்," என்றாள். அவன் பார்த்தான். இத்தனை நாளும் கல்லுமாதிரிக் கிடந்த பிள்ளையின் கண்ணால் தண்ணி ஓடினது. போர்வைக்குள்ளிருந்து கையை எடுத்தான். அவள் பக்கம் நீட்ட வந்த கைதான். பாதியில் நிற்பாட்டிவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"அம்மா, காலடியில ஒரு பிள்ளை நிக்குதோ?"

எவ்வளவு ஆசையோடு கேட்டான் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

"இல்லை ராசா. அங்க ஒருத்தரும் இல்லை."

அவளுக்கும் கேட்டது. கத்தவில்லை. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போனாள். அவன் கையை உள்ளே எடுத்து, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தான். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

ஒரு கேள்வி மறுத்துக் கேட்கவில்லை, பாருங்கோ. அம்மா சொன்னால் சரி. இந்தக் காலத்தில் அப்படி ஒரு பிள்ளை ஆருக்குக் கிடைக்கும். அவனைப் போய் நோயாளி, வருத்தக்காரன் என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். ஆஸ்பத்திரியால் விடுகிற துண்டை வெட்டித் தாங்கோ, டொக்டர் பிள்ளை, நான் வீட்டை கூட்டிக்கொண்டு போகிறேன். என்னை விட்டால் அவனுக்கு வேறு ஆர் இருக்கிறார்கள்.